அட்மிட் ஆகாத முதியவரின் செலவு

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், உத்திரமேரூர் வட்டத்தில் இருக்கிறது பெருநகர். பிரம்மபுரீசுவரர் கோயிலாலும் செய்யாற்றாலும் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த ஊர். காலையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிற பிள்ளைகள், வீட்டோடு தங்கிவிடுகிற பெரியவர்கள் என்பதுதான் இன்று காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள் பலவற்றின் நிலை. தமிழ்நாட்டு மக்களில் அறுபதைக் கடந்தவர்கள் 2011இல் 10.4 விழுக்காடு. 2021இல் 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 விழுக்காடு என்பது ஒன்றிய அரசு வெளியிட்ட கணிப்பு. இந்த வரிசையில் கேரளத்துக்கு அடுத்து நிற்பது நாம்தான்.

இந்தப் பெரியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டால், 'இருக்கிறது' என்றே பல வீடுகளில் பதில் வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெட்டியிலோ பீரோவிலோ பத்திரமாக இருக்கும். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது அது. 2012 ஜனவரியில் இப்போதைய பெயரைப் பெற்றது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை கிடைக்கும். 2022இல் புதுப்பிக்கப்பட்டபோது 1,090 வகைச் சிகிச்சைகள், 52 பரிசோதனைகள், 8 தொடர் சிகிச்சைகள் அதன் பட்டியலில் இருந்தன. நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தவர்களையும், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களையும் கேட்டால் அந்த அட்டையின் அருமையைச் சொல்வார்கள். அதைக் குறைத்துப் பேச இந்தக் கட்டுரை வரவில்லை.

ஆனால் அதே பெரியவரிடம், போன மாதம் மருந்துக்கும் டாக்டருக்கும் எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டால், அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட அட்டையிலிருந்து போயிருக்காது. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, முழங்கால் வலிக்குத் தைலம், மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ், போக வரப் பஸ் கட்டணம் எல்லாமே கைக்காசு. அட்டை வேலை செய்ய வேண்டுமானால் பெரும்பாலும் அட்மிட் ஆக வேண்டும். ஓபி (வெளிநோயாளர்) சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர் அதன் கணக்கில் நோயாளியே இல்லை. முதுமையின் நோய்களில் பெரும்பாலானவை இப்படி வீடு திரும்புகிறவரின் நோய்கள்தாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஒருவரின் கணக்கும் அல்ல. செலவின் அளவு புரிவதற்காக, குறைத்தே போடும் உத்தேசக் கணக்கு. சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உள்ள, 68 வயதான, கணவரை இழந்த ஒரு பெண்மணி தனியார் டாக்டரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபீஸ் 200 ரூபாய். மாத்திரை நாளைக்கு 20 ரூபாய் என்றால் மாதம் 600. வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு 100. பஸ், ஷேர் ஆட்டோ 60. ஆக மாதம் 960 ரூபாய், ஆண்டுக்கு 11,520 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை (ஓஏபி) 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு, 60 முதல் 79 வயதுவரை உள்ளவர்களுக்கு வெறும் 200. ஓஏபி பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு சுகருக்கும் பிரஷருக்குமே போய்விட்டால், மீதி 240 ரூபாயில் அந்த அம்மாள் மாதத்தை ஓட்ட வேண்டும். அவர் என்ன செய்வார்? ஒரு மாதத்து மாத்திரையை ஒன்றரை மாதத்துக்கு நீட்டுவார். தலைசுற்றல் வந்தால் மட்டும் பிரஷர் மாத்திரை போடுவார். சில ஆண்டுகளில் பக்கவாதமாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ ஆஸ்பத்திரியில் சேர்வார். அப்போது காப்பீட்டு அட்டை தாராளமாகப் பணம் கொடுக்கும். மாதம் சில நூறு ரூபாயில் தடுத்திருக்கக் கூடியதற்கு, பின்னால் லட்சக்கணக்கில் கொடுக்கிற ஏற்பாடாக இது இருக்கிறது.

இந்தச் செலவைக் காப்பீடு ஏன் ஏற்பதில்லை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனிகளின் பேராசை மட்டும் காரணமல்ல, காப்பீட்டின் கணக்கே அப்படி. நூறு பெரியவர்களில் ஆண்டுக்கு ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள், ஒருவருக்கு 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3 லட்சம். நூறு பேரும் தலைக்கு 3,000 போட்டால் போதும். யாருக்கு எப்போது வரும் என்று தெரியாத பெருஞ்செலவை எல்லோருமாகச் சேர்ந்து சுமப்பதால், அதில் ஒவ்வொருவருக்கும் லாபம் உண்டு. மேலே சொன்ன சுகர், பிரஷர் செலவு அப்படிப்பட்டதல்ல. நூறு பேருக்குமே அது வரும், மாதாமாதம் வரும், சாகும்வரை வரும். தலைக்கு 11,520 என்றால் பிரீமியமும் 11,520க்குக் குறையாது. அதற்குமேல் நூறு பேருக்கு மாதம் ஒன்றாக ஆண்டுக்கு 1,200 பில்களைச் சரிபார்க்கும் செலவும், கம்பெனியின் லாபமும் சேரும். 300 ரூபாய் மருந்து பில்லைப் பரிசீலிக்க ஆகும் செலவு அந்தப் பில் தொகையையே நெருங்கிவிடும். நோய் உள்ளவர்கள் மட்டுமே தேடி வந்து இந்தப் பாலிசியை வாங்குவார்கள், அதனால் பிரீமியம் இன்னும் ஏறும் என்பது இதன் தொடர்ச்சி.

இதனால்தான் முதியவர்களுக்கு ஓபி செலவையும் தருவதாக விற்கப்படும் தனியார் பாலிசிகளை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். கொடுக்கும் கூடுதல் பிரீமியமும் கிடைக்கும் அதிகபட்சத் தொகையும் அருகருகே இருந்தால், அது காப்பீடே அல்ல; நம் பணத்தை நாமே முன்கூட்டிக் கட்டித் திரும்பப் பெறுவது. இந்தச் சந்தையில் நல்ல மாற்றங்கள் வராமல் இல்லை. 2024 ஏப்ரல் முதல், 65 வயதுவரை உள்ளவர்களுக்குப் புதிய பாலிசி கொடுத்தால் போதும் என்றிருந்த விதியைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீக்கிவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் நான்கு ஆண்டு என்றிருந்தது மூன்றாகக் குறைந்தது. மூத்தோருக்கான பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் ஒரே ஆண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் இல்லை. எல்லாம் சரிதான். ஆனால் மூன்று ஆண்டு காத்திருப்பு என்பது 72 வயதுக்காரருக்குச் சின்ன விஷயமல்ல. விவசாயக் கூலி வேலை பார்த்த குடும்பம் இந்தச் சந்தைக்குள் நுழையவும் முடியாது.

அரசு ஓய்வூதியரின் கதியும் இதே போலத்தான். தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர் ஒருவருக்கு 2022 ஜூலையில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்துக்காக மாதம் 497 ரூபாய் பிடிக்கப்படுகிறது. அது ஆஸ்பத்திரியில் சேர்வதற்கான காப்பு. தினசரி மருந்துக்கென்று அவருக்குக் கிடைக்கும் மருத்துவப்படி மாதம் 300 ரூபாய். நூலகராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ இருந்து ஓய்வு பெற்றவருக்கே ஓபி செலவு கைக்காசு என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ரேணு ஷராவத், கிருஷ்ண ராவ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2012இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்திய ஏழைகளின் கைக்காசு மருத்துவச் செலவில் பெரும்பகுதி மருந்துக்கும் வெளிநோயாளர் சிகிச்சைக்குமே போகிறது, எனவே படுக்கைக்கு மட்டும் காப்பீடு கொடுப்பதால் வறுமையிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம் என்பது அவர்கள் கண்டது. அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்களின் கைக்காசு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22இல் 39.4 ஆக இறங்கியது. இறங்கியது நல்லதே. ஆனால் மீதமிருக்கும் அந்த 39 ரூபாயில் முதியவரின் மாத்திரை எத்தனை ரூபாய் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஏழைகளுக்கு ஓபி காப்பீட்டை யாரும் முயன்று பார்த்ததே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்கள் அதைக் கண்ணால் கண்டவர்கள். 2005இல் ஒன்றிய ஜவுளி அமைச்சகம் கைத்தறி நெசவாளர்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. ஐசிஐசிஐ லொம்பார்டு நிறுவனம் அதை நடத்தியது. நெசவாளி, துணைவர், இரண்டு பிள்ளைகள் என நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். அதில் சரிபாதி, 7,500 ரூபாய், ஓபி செலவுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஏற்கெனவே இருந்த நோய்களும் சேர்த்தி. 80 வயதுவரை சேரலாம். பல்லுக்குத் தனித் தொகை, மூக்குக்கண்ணாடிக்குத் தனித் தொகை, சித்த, ஆயுர்வேத சிகிச்சைக்குத் தனித் தொகை. பிரீமியத்தின் பெரும்பகுதியை அரசு கட்டியது. காலமெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து, பட்டு இழையை உற்றுப் பார்த்து வாழ்கிறவனுக்கு முதலில் கெடுவது கண்ணும் முதுகும் மூட்டும்தான் என்று தெரிந்த யாரோ உட்கார்ந்து எழுதிய திட்டம் அது. தொகை சிறியது; பில் சேர்ப்பதும் பணம் திரும்பக் கிடைப்பதும் நெசவாளிக்கு எளிதாக இருக்க வழியில்லை. வீட்டில் இருந்த வயதான தாய் தந்தையர் அந்த நால்வருக்குள் வரவும் இல்லை. ஆனாலும் அதன் வடிவம் சரியான வடிவம் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு அது ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா என்ற பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அந்தப் பொதுத் திட்டத்திலும் ஒடிசாவின் பூரியிலும் குஜராத்தின் மேசானாவிலும் 2011 வாக்கில் ஓபி சிகிச்சையைச் சேர்த்துச் சோதனை நடத்தினார்கள். நாடெங்கும் அது விரியவில்லை. 2018இல் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது பழைய திட்டம் அதில் கரைந்தது. படுக்கைக்கான தொகை 30,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. ஓபிக்கான தொகை இல்லாமலே போனது. 2024 அக்டோபர் 29 அன்று, 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்று பிரதமர் தொடங்கிவைத்த வய வந்தனா அட்டையும் படுக்கைக்கான அட்டையே. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வெளியே வந்த பின் 15 நாள் செலவு அதில் அடங்கும். பதினாறாம் நாள் முதல் மாத்திரை வாங்குவது அவரவர் பாடு.

அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் இப்போது நம் கிராமங்களிலும் உண்டு. அவர்கள் மெடிகேர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்காக 1965இல் அமெரிக்கா அதைத் தொடங்கியபோதே இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பகுதி ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு, இரண்டாம் பகுதி டாக்டருக்கும் ஓபிக்கும். இரண்டாம் பகுதிக்கு 2025இல் மாதக் கட்டணம் 185 டாலர். ஆண்டின் முதல் 257 டாலர் செலவைத் தானே ஏற்க வேண்டும். அதற்குமேல் ஆவதிலும் ஐந்தில் ஒரு பங்கு தன் பொறுப்பு. பணக்கார நாட்டிலும் ஓபி காப்பு இலவசமல்ல. ஆனால் படுக்கைக்குக் காப்பு கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அந்த நாடு சொல்லவில்லை. ஜப்பான் 1973இல் 70 வயதைக் கடந்தவர்களுக்கு எல்லாச் சிகிச்சையையும் இலவசமாக்கியது. செலவு ஏறியதால் 1983இல் சிறு கட்டணம் வைத்தது. 2008 முதல் 75 வயதைக் கடந்தவர்களுக்குத் தனி ஏற்பாடு; பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்கு கட்டுகிறார்கள். நமக்கு நெருங்கிய பாடம் தாய்லாந்துடையது. 2002 முதல் அங்கே ஓபி சிகிச்சைக்குப் பில் பார்த்துப் பணம் தருவதில்லை. ஒரு வட்டாரத்தில் இத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள், தலைக்கு இவ்வளவு என்று அந்த வட்டார ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே பணம் போய்விடுகிறது. நோயாளி பில்லைச் சுமந்துகொண்டு அலைவதில்லை.

இந்த இடத்தில் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்து முதியவரின் ஓபி செலவுக்குக் காப்பீட்டு அட்டை தீர்வல்ல. நிச்சயம் வரும் செலவுக்கு வேண்டியது, வரிப் பணத்தில் முன்கூட்டியே வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்த மருந்தும், அதைக் கொடுக்க ஊருக்குள் ஓர் ஆளும். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. காப்பீடு என்று பெயர் வைக்காததால் அதை யாரும் காப்பீடாக எண்ணுவதில்லை.

இந்த மண்ணுக்கு அந்த யோசனை புதியதுமல்ல. செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கூடும் திருமுக்கூடல் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஓர் ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. பதினைந்து படுக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைக் கவனிக்கவும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் இவ்வளவு என்று விதித்திருக்கிறார்கள். கோயிலைச் சேர்ந்த மாணவர்களுக்கும் பணியாளர்களுக்குமான ஏற்பாடு அது, ஊர் முழுவதற்குமானதல்ல. என்னை ஈர்த்தது வேறு. ஆண்டுக்கு எந்தெந்த மருந்து எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று தைலம், நெய், லேகியம் எனப் பெயர்பெயராக அதில் பட்டியல் இருக்கிறது. மருந்து தீர்ந்துவிடக் கூடாது என்பதைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டபோது அதன் வேலையும் இதுதான். மருந்துகளை மொத்தமாக டெண்டரில் குறைந்த விலைக்கு வாங்குவது, தரம் சோதிப்பது, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதன் ஒதுக்கீட்டுக்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் செய்வது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டோக்கன் எடுத்து நிற்கும் ஒருவருக்கு மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் காசில்லாமல் கிடைப்பது இதனால்தான். பிற மாநிலங்கள் பல இதைப் பார்த்துத் தங்களுக்கென்று கழகம் அமைத்தன.

மருந்து அலமாரியில் இருந்தால் போதுமா? முழங்கால் தேய்ந்தவர் அந்த அலமாரிவரை வர வேண்டுமே. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடைவெளியைத்தான் நிரப்பியது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்த பெண் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து இரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலி தணிக்கும் கவனிப்பும், பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே உண்டு. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பணக் கணக்கு. மேலே போட்ட 960 ரூபாயில் ஃபீஸ் 200, மாத்திரை 600, பஸ் 60 என்று 860 ரூபாயை இந்த ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நிற்பது மிச்சப்படுத்துகிறது. எந்தத் தனியார் பாலிசி இதைச் செய்யும்?

ஆனாலும் இத்தனைக்கும் பிறகு நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய் ஆய்வு, இரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்தது என்று சொன்னது. இந்த எண்களிலிருந்து எழுந்த திட்டம்தான் மக்களைத் தேடி மருத்துவம். எனவே எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதைவிட, எத்தனை பேருக்கு அளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும். ஒரே மாத்திரை ஒரே அளவில் ஆண்டுக்கணக்கில் வீடு தேடி வந்துகொண்டிருக்கலாம். டாக்டர் பார்த்து அளவை மாற்றாவிட்டால் அது சிகிச்சையாகாது.

இன்னொரு பெரிய ஓட்டை பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கிரியாட்டினின், கொழுப்பு, கண்ணின் விழித்திரை, பாதத்தின் உணர்வு ஆகியவற்றை நீரிழிவுக்காரருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். எல்லாவற்றையும் ஊரிலேயே பார்க்க முடிவதில்லை. உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கோ காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ ஒரு பகல் முழுக்க ஒதுக்கிப் போக வேண்டும். டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை; ரூட் பஸ் என்றால் டிக்கெட் எடுக்க வேண்டும். கூட வருகிற மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய கூலி போகும். அதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. இதற்குப் பயந்தே பலர் பக்கத்து லேபில் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். பல், காது, கண்ணாடி மூன்றும் இன்னும் மோசம். காது கேளாமல் ஒடுங்கிப்போன பெரியவரையும், பல்லில்லாமல் கஞ்சியிலேயே காலம் தள்ளுகிறவரையும் நாம் வயதாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். 2005இல் நெசவாளர் திட்டத்தை எழுதியவர்களுக்கு இருந்த கவனம் இன்றைய படுக்கைக் காப்பீட்டுத் திட்டங்களில் இல்லை.

கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை பெருமைக்குரியது. பெருநகரிலிருந்து அது 80 கிலோமீட்டருக்கு மேல். ஊரிலிருக்கும் முதியவருக்கு வேண்டியது துணை சுகாதார நிலையம் வலுவாக இருப்பது. 2017இல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் தமிழ்நாடு அரசு இதைச் சோதித்தது. துணை நிலையங்களில் முழுநேர செவிலியர், மருந்து, எளிய பரிசோதனை மூன்றையும் கொடுத்தபோது மக்கள் தனியாரை விட்டு அங்கே வரத் தொடங்கினார்கள், கைக்காசும் குறைந்தது என்று சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் கண்டார்கள். எங்கே நல்ல சிகிச்சை பக்கத்தில் கிடைக்கிறதோ அங்கே ஜனங்கள் போவார்கள். இதற்கு விளம்பரம் தேவையில்லை.

இனி, இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கம்பெனி வேலையில் இருப்பவரின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால், நிரந்தரமோ கான்ட்ராக்டோ, அவருக்கு இஎஸ்ஐ பிடித்தம் இருக்கும். தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25. பலர் அதை மனைவி, பிள்ளைகளுக்கு என்று மட்டும் நினைக்கிறார்கள். மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டாத, மகனையோ மகளையோ சார்ந்திருக்கும் தாய் தந்தையரையும் அதில் பதிவு செய்யலாம். இஎஸ்ஐ படுக்கைக்கு மட்டுமான காப்பீடல்ல. டாக்டர், மருந்து, பரிசோதனை எல்லாம் ஓபியிலேயே அதில் அடங்கும். நாட்டில் கூலித் தொழிலாளர் குடும்பத்து முதியவருக்கு முழு ஓபி காப்பு தரும் பெரிய காப்பீடு இன்று இது ஒன்றுதான். ஹெச்ஆரில் கேட்டு அப்பா அம்மா பெயரும் ஆதாரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாண்டு இஎஸ்ஐ சேவையோடு ஓய்வுபெறும் தொழிலாளியும் ஆண்டுக்கு வெறும் 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். ஓய்வு பெறும் நாளில் இதைச் சொல்ல ஆளில்லாததால் எத்தனையோ பேர் இழக்கிறார்கள்.

வருமான வரி கட்டும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பழைய வரி முறையில் இருந்தால், காப்பீடு இல்லாத 60 வயதைக் கடந்த பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவில், ஓபி, மருந்து உட்பட, ஆண்டுக்கு 50,000 ரூபாய்வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது, பில் வேண்டும். தனியார் டாக்டரிடமே போவதென்றால் மருந்தின் மூலப் பெயரை எழுதச் சொல்லிக் கேளுங்கள். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் 1,000 கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் அதே மாத்திரை கணிசமாக விலை குறைவு. காப்பீட்டு அட்டை பற்றிய சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணும், துணையில்லாத முதியவருக்கு 14567 என்ற எண்ணும் இருக்கின்றன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, அரசு மருத்துவமனையில் முதியோருக்குத் தனி வரிசை இருக்க வேண்டும் என்கிறது. வரிசை இல்லாத இடத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

அரசிடம் வைக்கும் கோரிக்கை இது. காப்பீட்டுக்கு என்று ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தின் ஒரு பகுதியை, 60 வயதைக் கடந்தவர்களின் ஓபி பரிசோதனைக்கு என்று தலைக்கு இவ்வளவு எனப் பிரித்து, வட்டார அளவிலேயே முன்கூட்டிக் கொடுங்கள். மாதம் ஒரு நாள் பரிசோதனை வண்டி பெருநகர் போன்ற ஊர்களுக்கு வந்து இரத்தம் எடுக்கட்டும், கண்ணைப் பார்க்கட்டும், முடிவு தன்னார்வலரின் கைப்பேசிக்கு வந்து சேரட்டும். கண்ணாடிக்கும் காதுக் கருவிக்கும் பல்லுக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே ஒரு சிறு தொகையைத் திறந்துவிடுங்கள். 15,000 ரூபாய்த் திட்டத்தில் 2005இல் முடிந்தது, 5 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் முடியாமல் போகக் காரணமில்லை.